ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் என்ன படிக்கக் கொடுப்பது?

ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் டெல்லியில் ஆந்தி என்கிற புழுதிக்காற்று வரும். வானம் செம்மண் நிறமாக மாறும், வகுப்பு ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும், மேசை மேல் கிடந்த தாள்களெல்லாம் பறக்கும், பிள்ளைகள் ஓடிப்போய்க் கொக்கி மாட்டுவார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மதியத்தில்தான் ஒன்பதாம் வகுப்பில் 'விண்ட்' என்ற கவிதையை நடத்திக்கொண்டிருந்தேன். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2006இல் கொண்டுவந்த 'பீஹைவ்' புத்தகத்தில் உள்ள கவிதை. எழுதியவர் பாரதியார், ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஏ.கே. ராமானுஜன். ஜன்னலை உடைக்காதே, தாள்களை வீசி எறியாதே, அலமாரிப் புத்தகங்களைத் தள்ளிவிடாதே என்று காற்றிடம் கேட்கிற இடம் வந்ததும் வகுப்பே சிரித்துவிட்டது. வெளியே அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் 'கிரம்ப்ளிங்' என்ற சொல் வந்தது. வீடு, கதவு, உடல், உயிர், உள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். இந்தியில் சொல்லிப் பார்த்தேன், முகங்கள் தெளியவில்லை. கையில் தமிழ் மூலம் இருந்தது, வாசித்தேன்: நொய்ந்த வீடு, நொய்ந்த கதவு, நொய்ந்த கூரை. முன் பெஞ்சில் ஒரு பெண், வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், "நொய்யரிசி மாதிரியா மேம்?" என்றாள். அவள் பாட்டி விழுப்புரத்திலிருந்து வரும்போதெல்லாம் நொய் கொண்டுவந்து கஞ்சி வைப்பாராம். பக்கத்தில் இருந்த இந்திக்காரப் பெண்ணுக்கு அவளே 'டூட்டா ஹுவா சாவல்' என்று விளக்கினாள். கைபட்டால் உதிர்ந்துபோகிற அளவுக்கு வலுவிழந்த ஒன்று என்பது அந்த இரண்டு பேருக்கும் சட்டென்று பிடிபட்டது, பிறகு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

பள்ளி ஆங்கிலத்துக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நொய்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிற பிள்ளை இரண்டு சுமை தூக்குகிறது. ஒன்று மொழி, இன்னொன்று அந்தப் பக்கத்துக்குள் இருக்கிற உலகம். ஏதாவது ஒன்று பழகியதாக இருந்தால் மற்றதைத் தூக்கிவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் புதிதாக இருந்தால் பிள்ளை உட்கார்ந்துவிடும், நாம் 'இவனுக்கு ஆங்கிலம் வராது' என்று எழுதிவிடுவோம். இருபது வருடமாக டெல்லியில் ஆங்கிலம் நடத்துகிறேன், என் வகுப்பில் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். பாடத் தேர்வில் என் கணக்கெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் யார் தேர்வு செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் பலர் டீச்சர்தான் எல்லாம் முடிவு செய்கிறார் என்று நினைக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வாரியம் சொல்கிற என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான். 2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த பீஹைவ், மொமென்ட்ஸ், பத்தாம் வகுப்புக்கு ஃபர்ஸ்ட் ஃப்ளைட், ஃபுட்பிரின்ட்ஸ் வித்அவுட் ஃபீட் ஆகியவற்றைத்தான் ஒரு தலைமுறையே படித்தது. இப்போது 2023 கலைத்திட்டத்தின்படி ஒவ்வொரு வகுப்பாகப் புத்தகம் மாறுகிறது, ஆறாம் வகுப்புக்கு 2024இல் 'பூர்வி' வந்தது. ஐ.சி.எஸ்.இ. என்றால் அந்த கவுன்சிலே ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, கதைத் தொகுப்பு ஒன்று என்று குறித்துவிடும். எட்டாம் வகுப்பு வரைக்கும் தனியார் பள்ளிகள் தங்கள் விருப்பப்படி ஒரு ரீடரை வாங்கிக்கொள்ளும், அங்கே விலையும் கமிஷனும் பேசுகிற அளவுக்குப் பாடத்தின் தரம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். ஆக ஆசிரியர் கையில் மிஞ்சுவது நூலக வகுப்பு, கோடை விடுமுறை வாசிப்பு, வகுப்பு அலமாரி, அப்புறம் பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்து கொடுக்கிற பத்திகள்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 20, முன்பின் பார்க்காத பத்தியைப் படித்துப் பதில் எழுதுவதற்கு. இலக்கியத்துக்கு 40, எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் 20. 'கதைப் புத்தகம் படித்தால் மார்க் வருமா' என்று கேட்கிற அப்பாக்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுவேன்.

சரி, ஒரு புத்தகம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது? மொழியின் சுமையை ஓரளவு எண்ணிப் பார்க்கலாம். ஹு, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் சொன்ன கணக்கு, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையை ரசித்துப் படிக்க அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது. அதாவது 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஐந்து. தொண்ணூற்றைந்து என்றால் அதே பக்கத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று, பக்கத்தில் ஆசிரியர் இருந்தால்தான் தாண்ட முடியும். இதைப் பிள்ளைகளே செய்வார்கள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்வேன், தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு என்பேன். பக்கம் முடிவதற்குள் கை மூடிவிட்டால் அது வகுப்பில் சேர்ந்து படிக்கிற புத்தகம், வீட்டுக்கு எடுத்துப் போகிற புத்தகம் இல்லை. பாடப்புத்தகத்தின் பல பக்கங்களில் என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூன்றாவது வரியிலேயே கை மூடிவிடுகிறது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 2010இல் வந்த அமெரிக்காவின் காமன் கோர் கல்வித் தரநிலை வாசிப்புப் பாடத்தின் கடினத்தை மூன்று வழியில் பார்க்கச் சொன்னது: சொல்லையும் வாக்கிய நீளத்தையும் கணினி எண்ணுவது, பொருளின் ஆழத்தை ஆசிரியர் படித்துப் பார்ப்பது, எந்தப் பிள்ளைக்கு எந்த வேலைக்காகக் கொடுக்கிறோம் என்று யோசிப்பது. அவர்களே காட்டிய உதாரணம் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. கணினிக் கணக்கில் அது இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கான மொழி என்று வந்ததாம், வறட்சியால் ஊரை விட்டுப் புறப்பட்ட விவசாயிகளின் நாவல்! பாரதியின் காற்றுக் கவிதையும் அப்படித்தான், மூன்று சொல், நான்கு சொல் வாக்கியம், சின்னச் சின்னச் சொற்கள். மெலிந்ததை ஏன் காற்று நொறுக்குகிறது, நாம் என்ன செய்யவேண்டும் என்பதைப் பேச எனக்கு மூன்று பீரியட் ஆனது.

இரண்டாவது சுமையான உலகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். நம் ஊர்க் கதை என்றால் பிள்ளைக்குத் தெரிந்த உலகம், வெளிநாட்டுக் கதை என்றால் தெரியாத உலகம் என்று நானும் ஆரம்பத்தில் அப்படியே நினைத்தேன். இரண்டு பாடங்கள் அந்த எண்ணத்தை மாற்றின.

ஒன்று, ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்'. மூன்று நண்பர்கள் படகுப் பயணத்துக்கு மூட்டை கட்டுகிற இடம் பீஹைவிலும் பாடமாக இருந்தது. பையை மூடிய பிறகு பூட்ஸ் வெளியே கிடக்கும், பல் துலக்கும் பிரஷ் உள்ளே போயிற்றா இல்லையா என்று எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடுவார்கள், வெண்ணெயைத் தேடி அறை முழுக்க அலைவார்கள். தேம்ஸ் நதியும் தெரியாது, விக்டோரியா காலமும் தெரியாது, மொழியோ சுற்றி வளைத்துப் போகும். ஆனால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க முந்தின நாள் ராத்திரி வீட்டில் நடக்கிற கூத்து ஒவ்வொரு டெல்லித் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். "பூட்டின சூட்கேஸுக்குள்ளேயே சாவி இருந்துச்சு மேம், அப்பா ரயில்லே பூட்டை உடைச்சாங்க" என்று ஒருவன் எழுந்து சொன்னான், அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, ஃபர்ஸ்ட் ஃப்ளைட்டில் உள்ள 'மேடம் ரைட்ஸ் தி பஸ்'. நம் வல்லிக்கண்ணன் தமிழில் எழுதியது. வள்ளி என்ற எட்டு வயதுப் பெண், மிட்டாய், பொம்மை, ராட்டினம் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு அறுபது பைசா சேர்த்து, அம்மா மதியம் தூங்குகிற நேரத்தில் தனியாக பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போய்வருகிற கதை. இது போதாதா என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். முதல் கேள்வியே, "பஸ்ஸுல போக எதுக்கு மேம் காசு சேர்த்தா?" டெல்லியில் 2019 அக்டோபரில் பெண்களுக்கு டி.டி.சி. என்ற அரசு பஸ்ஸில் பிங்க் டிக்கெட் வந்தது, பயணம் இலவசம் ஆனது. அந்தப் பெண்ணுக்கு பஸ் டிக்கெட் என்றால் காசு என்ற நினைப்பே இல்லை. பைசா என்றால் என்ன, கண்டக்டர் ஒரு சின்னப் பெண்ணை 'மேடம்' என்று கூப்பிடுவதில் என்ன வேடிக்கை, எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. கதை எந்த ஊரில் நடக்கிறது என்பதைவிட, அதில் நடக்கிற காரியத்தைப் பிள்ளை தன் கையால் செய்திருக்கிறதா என்று பார்ப்பது மேல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டிக்கெட் சமாசாரம் புரிந்த பிறகு, திரும்பி வரும் வழியில் வள்ளி செத்துக் கிடக்கும் பசுவைப் பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை நான் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை.

ஷேக்ஸ்பியரையும் இதே கணக்கில்தான் பார்க்கிறேன். ஐ.சி.எஸ்.இ. பள்ளித் தோழி ஒருத்தி 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' ஆரம்பிக்கும் முன் ஒரு முழு வாரம் கதையை மட்டும் இந்தியில் சொல்லிவிடுவாள், கடன், வட்டி, பத்திரம், கெடு எல்லாம் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற பேச்சு. பிறகு நாடகத்தைத் திறந்தால் மொழி ஒன்றுதான் பாக்கி. கதையை முன்கூட்டிச் சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்பவர்களுக்கு நான் தெருக்கூத்தைத்தான் காட்டுவேன், பாரதக் கதை தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அமெரிக்கப் பேராசிரியை ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதியது ஆசிரியப் பயிற்சிகளில் அடிக்கடி வரும்: புத்தகம் சில பிள்ளைகளுக்குத் தங்களைக் காட்டுகிற கண்ணாடி, சிலருக்கு அடுத்தவர் உலகத்தைக் காட்டுகிற ஜன்னல். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியே கிடைக்கவில்லை என்ற கோபத்திலிருந்து வந்த பேச்சு அது, முழுக்க நியாயமானது. ஆனால் கண்ணாடி எப்போதும் இதமாக இருப்பதில்லை, இதை வகுப்பில் நின்றால்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு ஃப்ளெமிங்கோவில் அனீஸ் ஜங்கின் 'லாஸ்ட் ஸ்ப்ரிங்' இருக்கிறது, டெல்லி எல்லையில் சீமாபுரியில் குப்பை பொறுக்குகிற சிறுவர்களைப் பற்றியது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஜன்னல். அதே வகுப்பில் குடிசைப் பகுதியிலிருந்து வருகிற ஒருவன் இருந்தான், பாடம் தொடங்கிய இரண்டாவது நிமிடம் மூன்று தலைகள் அவன் பக்கம் திரும்பின. அவன் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தப்பு பாடத்தில் இல்லை, நான் தயார் செய்யாமல் போனதில். பாடத்தை வறுமையைப் பற்றி என்று ஆரம்பிக்காமல், பாடத்தில் வருகிற பையன் சாகேப் டீக்கடை வேலைக்குப் போனதும் அவன் முகத்தில் எது குறைந்தது என்ற கேள்வியிலிருந்து அடுத்த வருடம் ஆரம்பித்தேன்.

அதே பன்னிரண்டாம் வகுப்பின் துணைப்பாட நூலான விஸ்டாஸில் பாமாவின் 'கருக்கு' நூலிலிருந்து எடுத்த பகுதி வரும்போதும் அப்படித்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார், சிறுமி பாமா அதைப் பார்த்துச் சிரிப்பார், வீட்டில் அண்ணன் காரணம் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடும். 'உங்களில் யாருக்கு இப்படி நடந்திருக்கிறது' என்று மட்டும் வகுப்பில் கேட்கக் கூடாது. கேட்கவேண்டியது, சிரித்த சிறுமிக்கு ஏன் அது முதலில் வேடிக்கையாகத் தெரிந்தது என்பதுதான். சங்கடமான பாடம் என்று ஒதுக்குவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி, மகாஸ்வேதா தேவி எழுத்துகளை நீக்கியபோது எங்கள் ஆசிரியர் அறையிலும் அதுதான் பேச்சு. பள்ளியில் பாமாவைப் படித்துவிட்டுப் போகிற பெண்ணுக்குக் கல்லூரியில் அவர் கிடைக்கமாட்டார் என்பது எனக்குப் பெரிய வலியாக இருந்தது.

இன்னொரு பக்கம், இத்தனை தமிழ் எழுத்தாளர்கள் இந்த ஆங்கிலப் புத்தகங்களில் இருப்பதே டெல்லித் தமிழ் வீடுகளில் பலருக்குத் தெரியாது. பாரதி, வல்லிக்கண்ணன், பாமா, ஜெமினி ஸ்டூடியோ நாட்களைப் பற்றி அசோகமித்திரன், 'தி டைகர் கிங்' கதைக்குக் கல்கி. 'பொன்னியின் செல்வன்' படம் 2022இல் வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்த பெண், அதே கல்கிதான் தன் பாடத்தில் இருப்பவர் என்று நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள், அன்றே அம்மாவிடம் போய்த் தமிழில் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

எனக்குத் தீராத மனக்குறை துண்டு துண்டாகப் படிப்பது. பத்தாம் வகுப்பில் ஆன் ஃபிராங்க் பாடம் இருக்கிறது. 1942 ஜூன் 20 தேதியிட்ட பக்கம், வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று கணக்கு வாத்தியார் கட்டுரை எழுதச் சொல்லித் தண்டிப்பது, அவள் வேடிக்கையாக எழுதி அவரைச் சிரிக்கவைப்பது. அவ்வளவுதான். அவள் குடும்பம் ஒளிந்துகொள்ளப் போனது ஜூலையில். பதின்மூன்று வயதில் மாடியறையில் அடைபட்டு, அம்மாவோடு சண்டை போட்டு, ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்த ஆன் அந்தப் பாடத்தில் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஆன் என்றால் வாயாடிப் பெண்.

முழுப் புத்தகம் படிக்கவைக்க வாரியமும் முயற்சி செய்தது. 2010களில் சில வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு கலிவரின் பயணங்கள் அல்லது த்ரீ மென் இன் எ போட், பத்தாம் வகுப்புக்கு ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு அல்லது ஹெலன் கெல்லரின் தன்வரலாறு என்று நீள வாசிப்பு இருந்தது. நல்ல யோசனை. ஆனால் தேர்வில் மதிப்பெண் வைத்தார்கள், வைத்த மறு மாதமே நயி சடக் புத்தகக் கடைகளில் அத்தியாயச் சுருக்கமும் கேள்வி பதிலும் கைடாக வந்துவிட்டது, என் வகுப்பில் நாற்பது பேரில் புத்தகத்தையே வாங்கியவர்கள் ஆறேழு பேர். பின்னால் அந்தப் பகுதியே எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வு இல்லாமல் படிக்கிற வழியைத்தான் தேடவேண்டும் என்று அப்போது தோன்றியது.

அதற்கு எனக்குப் பிடித்த சான்று ஃபிஜித் தீவில் கிடைத்தது. 1980 வாக்கில் எல்லி, மங்குபாய் என்ற இரண்டு பேர் அங்கே கிராமப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு, ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு, வகுப்புக்கு 250 கதைப் புத்தகம் கொடுத்தார்கள். தினமும் கொஞ்ச நேரம் படிப்பு, அவ்வளவுதான். வழக்கமான பாடம் நடத்திய வகுப்புகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக வாசிப்பு முன்னேறியது. சின்னப் பிள்ளைகள்தான், இருந்தாலும் என் ஒன்பதாம் வகுப்பின் பாதி அந்த நிலையில்தான் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வகுப்பு அலமாரியை நானே நிரப்ப ஆரம்பித்தேன். நேஷனல் புக் டிரஸ்ட், 1957இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், இரண்டும் டெல்லியிலேயே இருக்கின்றன, விலையும் கைக்கு அடக்கம். ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை 2019இல் மகிளா ஹாட்டுக்கு மாறியது, அங்கே எடை போட்டு வாங்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படி பிரித்து இலவசமாகக் கிடைக்கிறது, தமிழில் ஒருமுறை கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் படித்தால் ஒரு சுமை இறங்கிவிடும். ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935இல் வந்தது, தேர்வுப் பயம், கிரிக்கெட், கண்டிப்பான அப்பா, இன்றைக்கும் என் பையன்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. எளிமைப்படுத்திய ரீடர்களைக் கேவலமாகப் பார்க்கிற ஆசிரியர்கள் உண்டு, நான் பார்ப்பதில்லை. முழுதாக முடித்த ஒரு சுருக்கப் பதிப்பு, மூன்றாம் பக்கத்தில் மூடிய மூலத்தைவிடப் பெரியது.

மார்ச் கடைசியில் அந்த அலமாரியைக் காலி செய்து பார்ப்பேன். பக்க ஓரம் கறுத்து, அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டியவை அடுத்த வருடமும் இருக்கும். வாங்கியபடியே பளபளவென்று இருப்பவை வேறு வகுப்புக்குப் போய்விடும், எனக்கு எவ்வளவு பிடித்த புத்தகமாக இருந்தாலும் சரி. போன மார்ச்சில் அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வருடம் முழுக்க ஒரு புத்தகம்கூட எடுக்காத பையன் ஒருவன் வந்து நின்றான். சுவாமியின் நடுப்பக்கத்தைத் திறந்து, உதடு அசையப் படித்து, நான்கு விரல் மடக்கினான், கட்டைவிரலைப் பார்த்தபடியே பக்கத்தை முடித்தான். "லீவுக்கு எடுத்துட்டுப் போகலாமா மேம்?" என்றான். நோட்டில் அவன் பெயருக்கு நேரே அதுதான் முதல் வரி.